யாரோட சாப்பிட்டீங்க மகள்?

கல்லூரிச் சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது, நான் படித்த துணிக்கைப் பௌதிகவியலைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால் போன மாதம் கல்லூரிக்கு வந்து உயர்தர மாணவிகளோடு பேசிய அன்று ஒருவரும் துணிக்கைகளைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு தங்கை எழுந்து, "ராத்தா, அங்க பழகுறதுக்கு ஆக்கள் இருந்தாங்களா? தனியத்தானா இருந்தீங்க?" என்று கேட்டாள். பின்வரிசையில் இருந்த ஒரு தாயார், "பார்ட்டிக்கெல்லாம் கட்டாயம் போகணுமாமே, உண்மையா?" என்றார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் அன்று மண்டபத்தில் நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதிபரும் ஆசிரியைகளும் முன்னால் இருக்கும்போது எல்லாவற்றையும் சொல்ல வாய் வரவில்லை. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் போனது சேர்ன் என்ற ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. 1954இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் ஜெனீவா நகரின் ஓரத்தில், சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரு நாடுகளின் எல்லைமீது அமைந்திருக்கிறது. நிலத்துக்கடியில் ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவான வளையச் சுரங்கத்தில் புரோத்தன்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதச் செய்கிறார்கள். ஹிக்ஸ் போசொன் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 2012 ஜூலை 4ஆம் திகதி அங்கிருந்துதான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அங்கே பல்கலைக்கழக மாணவர்களுக்கென ஒரு கோடைகாலப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. விக்டர் வைஸ்கொப் பணிப்பாளர் நாயகமாக இருந்தபோது, 1962இல் அதைத் தொடங்கினார். உறுப்பு நாடுகள் அல்லாத நாடுகளின் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். இலங்கை 2017இல் சேர்னோடு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்ட நாடு. ஒவ்வொரு கோடையிலும் சுமார் 300 மாணவர்கள் கூடுகிறார்கள். காலையில் விரிவுரை, பிற்பகலில் ஏதாவது ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு வேலை. நான் 2019 ஜூன் கடைசியில் போய் எட்டு வாரங்கள் இருந்தேன். அந்த வருடம் இயந்திரம் திருத்த வேலைகளுக்காக நிறுத்தப்பட்டிருந்தபடியால் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கவும் கிடைத்தது. அது வேறு கதை.

இப்படியான பயிற்சிக்குத் தெரிவானதும் வரும் அறிவுரைகளில் எல்லாம் நெட்வேர்க்கிங் என்ற சொல் தவறாமல் இருக்கும். "நன்றாக நெட்வேர்க் செய்யுங்கள்" என்று எனது விரிவுரையாளரும் சொல்லி அனுப்பினார். அதை எப்படிச் செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாப்பாவிடம் அந்தச் சொல்லை விளக்கப் பார்த்தேன். "ஆள் பிடிக்கிறதா? ஆள் பிடிச்சு எடுக்கிற வேல நமக்குத் தேவல்ல மகள், படிச்சு எடுங்க" என்றார். எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. பெரிய மனிதர்களைத் தேடிப்போய்ச் சிரிப்பது, பெயரட்டை கொடுப்பது, பிறகு உதவி கேட்பது. கூச்சமுள்ள பிள்ளைக்கு அதைவிடப் பயங்கரமான வேலை வேறென்ன?

உம்மாவின் கவலை வேறு. ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் எடுத்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இண்டைக்கு யாரோட சாப்பிட்டீங்க மகள்?" என்ன சாப்பிட்டேன் என்பது இரண்டாவது கேள்வி.

முதல் மூன்று வாரமும் அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். "கூட்டாளிமாரோட உம்மா" என்பேன். உண்மையில் பகலுணவைப் பன்னிரண்டு மணிக்கு முன்னரே எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் பின்புறம் இருந்த வாங்கில் தனியே இருந்து சாப்பிட்டேன்.

காரணங்கள் பல. எனது ஆங்கிலம் வாசிப்பதற்குப் போதும், பேசும்போது தடுமாறும். மற்ற மாணவர்கள் எல்லாரும் என்னைவிட அதிகம் படித்துவிட்டு வந்தவர்கள் போலத் தெரிந்தார்கள். முதல் நாளே ஒருவர் கை குலுக்க நீட்டினார், நான் இரண்டு கையாலும் கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அது 2019. உயிர்த்த ஞாயிறு தாக்குதல் நடந்து இரண்டு மாதந்தான் ஆகியிருந்தது. எங்கள் நாட்டில் பஸ்ஸில், கடையில், வைத்தியசாலையில் எங்களைப் பார்த்த பார்வைகளைத் தாண்டித்தான் விமானம் ஏறினேன். "எந்த நாடு?" என்று யாராவது கேட்டால், "இலங்கை" என்று சொன்னவுடன் அடுத்து என்ன வரும் என்று நெஞ்சு இடிக்கும். கேள்வி வராமல் இருக்க ஒரே வழி, யாரோடும் பேசாமல் இருப்பது.

அந்த மௌனத்துக்கு என்ன விலை என்பதைச் சொல்ல வேண்டும். எனக்குத் தரப்பட்ட வேலை, கணினியில் பாவனையாக உருவாக்கப்பட்ட மோதல்களையும் உண்மையான மோதல்களையும் ஒப்பிட்டு வரைபு கீறுவது. இரண்டும் ஏறக்குறையப் பொருந்த வேண்டும். என்னுடையது பொருந்தவேயில்லை. ஒரு பக்கம் வீங்கி நின்றது. நிரலை வரி வரியாகப் பார்த்தேன். இரவு பதினொரு மணி வரை இருந்தேன். மேற்பார்வையாளர் வந்து "எப்படிப் போகிறது?" என்று கேட்டால், "நன்றாகப் போகிறது" என்றேன். உம்மாவுக்குச் சொன்ன அதே பொய், வேறு மொழியில். எட்டு வாரத்தில் முழுசாக இரண்டு வாரம் இதிலே போனது.

அதைத் தீர்த்தது ஒரு சாப்பாட்டுத் தட்டு. ஜூலை நடுப்பகுதியில் ஒரு நாள் விரிவுரை பிந்தி முடிந்ததால், எல்லாரும் போகும் நேரத்திலேயே நானும் சிற்றுண்டிச்சாலை வரிசையில் நிற்க நேர்ந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண் ஸலாம் சொன்னாள். துனிசியாக்காரி. தலையில் முக்காடு இல்லை, அதனால் நான் முதலில் திகைத்துப் போனேன். பிறகு பதில் சொன்னேன். தனது மேசைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஐந்தாறு பேர். அவர்களில் ஒருவர் போலந்து நாட்டு ஆராய்ச்சி மாணவர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்க, முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன்: "இரண்டு வாரமாக ஒன்றும் சரிவரவில்லை." அவர் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "நிகழ்வுகளுக்கு நிறை கொடுத்தீர்களா?" என்று கேட்டார்.

விளங்கும்படி சொல்கிறேன். வாப்பாவின் புடைவைக் கடையில் ஒரு நாள் விற்பனையைக் கணக்குப் பார்க்க, பில்களை எண்ணினால் போதாது. ஒரு பில் 500 ரூபாவுக்கு, இன்னொன்று 5,000 ரூபாவுக்கு. சில பில்கள் திருப்பிக் கொண்டுவந்த சாமானுக்கு, அவற்றைக் கழிக்க வேண்டும். கணினி உருவாக்கும் மோதல்களும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை உண்டு, சிலவற்றுக்கு மறை நிறைகூட உண்டு. நான் எல்லாவற்றையும் ஒன்று, ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வரி சேர்த்ததும் வரைபு பொருந்தியது. "நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன்" என்றார் அவர். அங்கே வேலை செய்யும் யாருக்கும் தெரிந்த விடயம். என்னைத் தவிர.

இப்படியான அறிவு ஏன் புத்தகத்தில் இருப்பதில்லை என்று பிறகு யோசித்தேன். இதற்குச் சேர்னிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. இன்று நாம் எல்லாரும் பாவிக்கும் வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ, 1989இல் அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோது மேலதிகாரிக்கு ஒரு திட்ட முன்மொழிவு எழுதினார். அவர் சொன்ன பிரச்சினை இதுதான்: ஆட்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், போகும்போது தகவலும் அவர்களோடு போய்விடுகிறது, எங்கே என்ன இருக்கிறது என்ற செய்தி நடைக்கூடப் பேச்சில்தான் பரவுகிறது. அதற்கு மருந்தாகத்தான் வலை பிறந்தது. முப்பது வருடம் கழித்து, வலையும் தேடுபொறிகளும் என் மடியில் இருக்க, எனக்கு வேண்டிய தகவல் அப்போதும் நடைக்கூடப் பேச்சில்தான் இருந்தது. என்ன கேட்க வேண்டும் என்று தெரியாதபோது தேடுபொறியும் உதவாது. அதை முன்னால் இருக்கும் ஒரு மனிதர்தான் எங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்.

அங்கே நடக்கும் வேலையும் தனியாகச் செய்யக்கூடியதல்ல. ஹிக்ஸ் போசொனின் திணிவை அளந்து 2015இல் இரண்டு பரிசோதனைக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் ஆசிரியர், நிறுவனப் பெயர்கள்! அத்தனை பேரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டுமானால் யாராவது யாரோடாவது பேசியே ஆகவேண்டும். அந்தப் பேச்சில் பெரும்பகுதி நடப்பது கூட்ட அறையில் அல்ல, பகலுணவுக்குப் பிந்திய கோப்பியில். நீண்ட மேசைகள், கண்ணாடிச் சுவர், வெளியே மரங்களின் கீழும் மேசைகள். பேராசிரியரும் அதே வரிசையில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பார். வானம் தெளிந்த நாளில் தூரத்தில் மொன்ட் பிளாங்க் மலை வெள்ளையாகத் தெரியும்.

அன்றிலிருந்து நான் பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனேன். மாற்றம் என்றால் அவ்வளவுதான், நேரத்தை மாற்றினேன்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தங்கைமார் கேட்பீர்கள். நான் இரண்டு வசனங்களை எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன். பெயரும் நாடும் ஒன்று. இப்போது எந்தப் பிரச்சினையோடு மாரடிக்கிறேன் என்பது மற்றது. இரண்டாவதுதான் முக்கியம். என்ன படிக்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் "நல்லது" என்பார், பேச்சு அங்கே முடிந்துவிடும். எதில் தடக்கி நிற்கிறேன் என்று சொன்னால் அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். பிறகு அவருடைய வேலையைப் பற்றிக் கேட்பேன். தான் செய்யும் வேலையை ஒருவர் அக்கறையோடு கேட்டால் விளக்க மறுக்கும் ஆளை அந்த எட்டு வாரத்தில் நான் காணவில்லை. விளங்காத இடத்தில் "விளங்கவில்லை, திருப்பிச் சொல்வீர்களா?" என்று கேட்கப் பழகியது எனக்கு மிகக் கடினமான பாடம். நாங்கள் பாடசாலையில் தலையாட்டப் பழகியவர்கள்.

விரிவுரை முடிந்ததும் கேள்வி நேரம் இருக்கும். நூற்றுக்கணக்கானோர் முன் ஒலிவாங்கியைப் பிடிக்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வியை ஒரு துண்டில் எழுதி, எல்லாரும் கலைந்த பிறகு மேடையருகே போய்க் கேட்டேன். ஒரு விரிவுரையாளர் பதிலின் நடுவே நேரம் போதாமல், "நாளை கோப்பி குடிக்க வாருங்கள்" என்றார். அந்த நாற்பது நிமிடமும் அவர் வெண்பலகை இல்லாமல் கைத்துடைக்கும் தாளில் படம் கீறி விளக்கினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கை நீட்டுபவர்களுக்கு, வலது கையை நெஞ்சில் வைத்துச் சிரித்து, பெயரைச் சொல்லிவிடுவேன். தயங்காமல், முகத்தைச் சுழிக்காமல் செய்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். கோப்பை இறுக்கிப் பிடித்தால்தான் அது ஒரு சம்பவமாகிறது. தொழுகைக்கு இடம் கேட்பதற்கு மூன்று வாரம் பயந்து, விடுதிக்கும் அலுவலகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். கடைசியில் குழுவின் செயலாளரிடம் கேட்டேன். "அந்தச் சின்னக் கூட்ட அறை இரண்டு மணிக்குப் பிறகு சும்மாதான் கிடக்கும், கதவில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள்" என்றார். கேட்பதற்கு எடுத்த நேரம் மூன்று வாரம், பதிலுக்கு எடுத்த நேரம் பத்து விநாடி.

இனி அந்தத் தாயாரின் கேள்வி. ஆம், பார்ட்டிகள் இருக்கின்றன. இல்லையென்று சொல்லிப் பெற்றோரை ஏமாற்ற நான் விரும்பவில்லை. வெள்ளி, சனி இரவுகளில் பியரும் வைனும் இருக்கும், பாட்டு இருக்கும், ஆண்களும் பெண்களும் கலந்திருப்பார்கள். ஆனால் கட்டாயம் என்பது பொய். நான் இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டேன். குடிப்பதற்காகவே கூடும் இடத்துக்குப் போகமாட்டேன். "இன்று வரவில்லை" என்றால் போதும், காரணம் கேட்டவர் ஒருவரும் இல்லை. வேறொன்றுக்காகக் கூடி, அங்கே சிலர் குடிக்கும் இடம் என்றால் இடத்தையும் நேரத்தையும் பார்த்து முடிவெடுப்பேன். ஆகஸ்ட் 1 சுவிட்சர்லாந்தின் தேசிய தினம். எங்கள் குழு வெட்டவெளியில் இறைச்சி வாட்டியது. துனிசியத் தோழியும் நானும் சோளமும் கத்தரிக்காயும் தனித் தகரத் தட்டில் வைத்து வாட்டினோம். மேற்பார்வையாளரின் மனைவி எங்களோடு வந்து சேர்ந்துகொண்டார், அவர் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். இருட்டியதும் நாங்கள் இருவரும் ட்ராமில் திரும்பிவிட்டோம்.

இரவுக் கூட்டங்களைத் தவறவிட்டதால் எனக்கு நட்டமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மறுநாள் எல்லாரும் ஏதோ ஒரு பகிடியைச் சொல்லிச் சிரிக்கும்போது நான் மட்டும் விளங்காமல் இருப்பேன். அது கொஞ்சம் வலிக்கும். ஆனால் எனக்குப் பிற்காலத்தில் உதவிய ஒரு பேச்சுக்கூட இரவு பத்து மணிக்குப் பிறகு நடந்ததல்ல. பகல் மேசையில், ட்ராம் தரிப்பிடத்தில், மலையேறும் பாதையில் நடந்தவைதான். ஜெனீவாவுக்குப் பக்கத்தில் ஜூரா மலைத்தொடரில் ரெக்குலே என்றொரு சிகரம் இருக்கிறது, 1,718 மீற்றர். ஒரு ஞாயிறு பதினான்கு பேர் ஏறினோம். பீதுருதாலகாலை உள்ள நாட்டிலிருந்து வந்தவள் என்று பெருமையடித்துவிட்டு, பாதிவழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவள் நான்தான்.

விடுதியின் பொதுச் சமையலறையை விட்டுவிட முடியாது. உம்மா கட்டித் தந்த கறித்தூளும் நெத்தலிக் கருவாடும் பெட்டியில் இருந்தன. ஒரு மாலை கருவாட்டைப் பொரித்தேன். பொரித்திருக்கக் கூடாது. மணம் மாடி முழுக்கப் போய், "எங்கே எரிகிறது?" என்று ஆட்கள் கதவைத் திறந்தார்கள். வெட்கத்தில் சட்டியை ஒளிக்க இடம் தேடிக்கொண்டிருந்தபோது பங்களாதேஷ் மாணவி ஓடிவந்து, "இது என் வீட்டு மணம்" என்று கண் கலங்கினாள். அன்றிலிருந்து புதன்கிழமைகளில் முறைவைத்துச் சமைத்தோம். ஹஜ்ஜுப் பெருநாள் அங்கே ஆகஸ்ட் 11ஆம் திகதி ஞாயிறு, ஊரில் மறுநாள். காலையில் பெத்தி சக்கோனே பகுதியிலுள்ள பெரிய பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்து, நெய்ச்சோறு ஆக்கினேன். ஒன்பது நாட்டவர் சாப்பிட்டார்கள். அவர்களில் முஸ்லிம்கள் நால்வர்தான். அன்று உம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல நேரம் எடுத்தது. பிறகு அந்த மூன்று வாரத்துப் பொய்யையும் சொன்னேன். "எனக்குத் தெரியும் மகள்" என்றார். எப்படித் தெரியும் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்த மேசையில்தான் "இலங்கையில் ஏப்ரலில் என்ன நடந்தது?" என்ற கேள்வியும் வந்தது. கேட்டது ஒரு கிறிஸ்தவத் தோழி. நான் எனக்குத் தெரிந்ததையும், இறந்தவர்களுக்காக நாங்கள் பட்ட துயரத்தையும், பிறகு எங்கள் மீது விழுந்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பயந்தது அந்தக் கேள்விக்கு. வந்தபோது அது என்னை இலேசாக்கியது.

வாப்பாவின் கடையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதோடு, யாருடைய மகளுக்கு எப்போது கல்யாணம், யார் வைத்தியசாலையில் என்பதும் அதன் ஓரத்தில் எழுதியிருக்கும். ஆள் பிடிக்கத் தேவையில்லை என்று சொன்ன மனிதரின் கடை முப்பது வருடமாக அந்த ஓரக் குறிப்புகளில்தான் ஓடுகிறது. நானும் ஒரு கொப்பி வைத்தேன். யாரைக் கண்டேன், என்ன சொல்லித் தந்தார், நான் அவருக்கு என்ன அனுப்புவதாகச் சொன்னேன். கடைசி நிரல்தான் பெறுமதியானது. "அந்தச் சமையல் குறிப்பை அனுப்புகிறேன்", "அந்த வரைபைப் பிறகு காட்டுகிறேன்" என்று சொன்னவற்றை உண்மையிலேயே அனுப்பினேன். உதவி கேட்காத ஒரு மின்னஞ்சல் முதலில் போக வேண்டும்.

வெறும் முகப்பழக்கத்துக்கு இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைப் பற்றியது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி கண்டீர்கள் என்று கேட்டார். அடிக்கடி கண்டவர் மூலம் பெற்றவர்கள் நூற்றுக்கு 17 பேரளவுதான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகக் கண்டவர்கள் மூலமே பெற்றிருந்தார்கள். காரணம் எளியது. எங்கள் நெருங்கிய தோழிகளுக்குத் தெரிந்தது எங்களுக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி தூரத்தில் உள்ளவரிடமிருந்துதான் வரும்.

எனக்கு அப்படி வந்தது 18ஆம் இலக்க ட்ராமின் தரிப்பிடத்தில். நைஜீரிய மாணவர் ஒருவர், மொத்தமாக மூன்று தடவை பேசியிருப்போம். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் அப்துஸ் ஸலாம் சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம் இருப்பதையும், வளர்முக நாட்டு மாணவர்களுக்கு ஒரு வருட டிப்ளோமாவைப் புலமைப்பரிசிலோடு அங்கே தருகிறார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். 1964இல் தொடங்கப்பட்ட நிலையம். நான்கு வருடம் பௌதிகவியல் படிக்கும் எனக்கு அது தெரியாது. ட்ராம் வரும்வரை ஆறு நிமிடம். நான் பிறகு விண்ணப்பித்து, 2021இல் அங்கே போனேன். இன்று நான் படித்துக்கொண்டிருக்கும் கலாநிதிப் பட்டத்துக்கு வழி அந்த ஆறு நிமிடத்தில் திறந்தது.

பரிந்துரைக் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. திரியெஸ்தேக்குக் கடிதம் தேவைப்பட்டபோது மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஒரு மாதம் முன்கூட்டியே, என்ன வேலை செய்தேன் என்ற அரைப்பக்கக் குறிப்போடு. அவர் சம்மதித்துவிட்டு எழுதிய பதிலில் ஒரு வசனம்: "முதல் மூன்று வாரம் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு நிறைய இருக்கிறது." கடிதம் எழுதுபவர் தான் கண்டதைத்தான் எழுத முடியும். நான் தொடர்ந்து "நன்றாகப் போகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அந்தக் கடிதத்தில் "நன்றாகப் போனது" என்ற ஒரு வரிதான் இருந்திருக்கும்.

எல்லாம் பலித்ததாக எண்ண வேண்டாம். ஒரு பெரிய பேராசிரியருக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன், பதிலே இல்லை. கொப்பியில் நாற்பத்தொரு பெயர்கள் இருந்தன, இன்று தொடர்பிலிருப்பவர்கள் ஏழு பேர். போலந்து மாணவர் பௌதிகவியலை விட்டுவிட்டு வங்கியொன்றில் வேலை செய்கிறார். துனிசியத் தோழிக்குப் போன வருடம் மகள் பிறந்தாள், படம் உம்மாவுக்கும் வந்தது.

உங்களில் பலர் ஜெனீவாவுக்குப் போகமாட்டீர்கள். கொழும்பில் ஒரு வங்கியில், ஒரு மென்பொருள் கம்பனியில், மாவட்ட வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஆறு மாத உள்ளகப் பயிற்சிக்குப் போவீர்கள். அங்கேயும் பகலுணவு நேரம் இருக்கும். வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மேசையிலேயே திறந்து, கணினியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு முடிக்கத் தோன்றும். பெற்றோரிடம் நான் கேட்பது, பிள்ளை எத்தனை மணிக்கு வருவாள் என்பதோடு, அங்கே யாரோடு சாப்பிடுகிறாள் என்பதையும் கேளுங்கள். உண்மையான பதில் வரும்வரை கேளுங்கள்.

கொப்பியில் இல்லாத ஒருவரையும் சொல்ல வேண்டும். சிற்றுண்டிச்சாலையில் உணவு பரிமாறிய ஒரு வயதான பெண்மணி. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் வாரத்திலேயே எனது முக்காட்டைப் பார்த்து விளங்கிக்கொண்டார். நான் தட்டோடு வந்தால், பன்றி இறைச்சியோ வைனோ சேர்ந்த சட்டிகளுக்கு மேலே அகப்பையை ஆட்டி "இல்லை" என்பார், மீன் சட்டியைத் தட்டிக் காட்டுவார். நான் பின்வாங்கில் தனியே சாப்பிட்ட அந்த மூன்று வாரமும் என்னோடு அந்தக் கட்டடத்தில் பேசிய ஒரே ஆள் அவர்தான். கடைசி நாள் நன்றி சொல்லப் போனபோது அவருக்கு விடுமுறை. அவருடைய பெயரை நான் கேட்கவேயில்லை.